ஒரு பிடிக் குரங்குமுடி

வருகிற சரக்கு இன்னதுதான் என்று சொல்வது என் வேலை. அதற்குத்தான் எனக்கு ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, மின்விசிறி சுற்றுகிற ஓர் அறை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மருந்துச் சரக்குக் கிடங்கு வைத்திருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் மோந்து பார்த்தே பெயர் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணெயும் லேகியமும் செய்கிற கம்பெனிகள் இப்போது மூக்கை நம்புவதில்லை, காகிதம் கேட்கின்றன. தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்த ஒருத்தர் அறுத்து, கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்ட காகிதம். எங்கள் கிடங்கில் அந்தக் கையெழுத்து கங்கா என்கிற என்னுடையது.

கிடங்கு என் அக்கா புருஷன் வெங்கிடராமனுடையது. கிடங்கிலும் நான் அவரை அத்திம்பேர் என்றுதான் கூப்பிடுவேன். என் கல்யாணம் குட்டிச்சுவராகி நான் பாலக்காட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது, சொந்தத்தில் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே கிடங்கில் எனக்கு ஒரு மேசை வாங்கிப் போட்டார். பதினோரு வருஷம் ஆகிறது. அவரைக் கெட்டவராக்கிவிட்டு நான் கை கழுவிக்கொள்ளலாம். அப்படிச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

போன வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால் சுமாத்ரா தீவிலிருந்து பதினெட்டு மூட்டை வந்தது. காகிதத்தில் பேரரத்தைக் கிழங்கு என்று இருந்தது. மூட்டையைப் பிரித்தால் குழந்தையின் தொடைப் பருமனில், முழுக்கப் பொன்னிற ரோமம் மூடிய கட்டைகள். முதல் கட்டையை வெளியே எடுத்த ஆவுடையம்மாள் அதை அப்படியே கீழே போட்டுவிட்டாள். செத்த குரங்கின் கை என்று நினைத்துவிட்டாள். அன்றிலிருந்து கிடங்கில் அந்த ரோமத்துக்குக் குரங்குமுடி என்றே பெயர்.

ஆவுடையம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. எங்கள் கிடங்கில் சரக்கு சுத்தம் செய்கிற பெண்களில் அவள்தான் மூத்தவள். அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி மூட்டை அடுக்குகிறவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் மழை பொய்த்து இங்கே வந்தவர்கள், கிடங்குக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். இரண்டு பேரும் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை.

மூட்டையில் இருந்தது குரங்கும் இல்லை, கிழங்கும் இல்லை. மரப்பெரணி. தீவு மலைகளின் ஈரத்தில், ஓடைக்கரைச் சரிவுகளில் வளர்கிற பெரிய பெரணி. இலை ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் போகும். பூ கிடையாது, காய் கிடையாது, விதை கிடையாது. இலையின் அடிப்பக்கத்தில் பழுப்புத் தூள் பிடித்திருக்கும், அதுதான் அதன் வம்சம். அந்தத் தூள் ஈரமண்ணில் விழுந்தால் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு பச்சை ஏடு முளைக்கும். அந்த ஏட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால்தான் ஆணணு நீந்திப் போய்ப் பெண்ணணுவைச் சேர முடியும். தண்ணீர் நிற்காவிட்டால் அந்த ஏட்டோடு எல்லாம் முடிந்தது. இத்தனை கண்டத்தையும் தாண்டி வந்து, ஒரு கட்டை கையில் பிடிக்கிற பருமன் ஆவதற்கு எத்தனையோ வருஷம் பிடிக்கும். தோண்டி எடுப்பதற்கு ஒரு கடப்பாரையும் கால்மணி நேரமும் போதும்.

பொன் ரோமம் அழகுக்கு இல்லை. சுருண்டிருக்கும் இளங்குருத்து காய்ந்து போகாமலும் பூச்சி அரிக்காமலும் அதைப் போர்த்திக்கொண்டிருப்பதற்கு. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு வரிசைச் செல்கள், ஒன்றன் தலையில் ஒன்று நின்று, காய்ந்து தட்டையாகி முறுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே காலி. அதனால் தண்ணீரைக் கண்டால் இழுக்கும். தீவுக்காரர்கள் அந்த ரோமத்தைத் தலையணையில் அடைத்தார்கள். கையைக் காலை வெட்டிக்கொண்டால் காயத்தின் மேல் தூவினார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியை ரோமம் உறிஞ்சிக்கொள்ள, மிச்சம் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். கட்டையைச் சீவிக் காயவைத்து முதுகுவலிக்குக் கஷாயம் வைப்பவர்களும் உண்டு. பஞ்ச காலத்தில் சில தீவுகளில் இதன் பெரியப்பா பிள்ளைகளான நெட்டை மரப்பெரணிகளின் தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் மாவைச் சுட்டுத் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் மனப்பாடமாகச் சொல்வேன். சொல்லிக் காட்டுவதில் எனக்கு ஒரு குஷி உண்டு. அந்தக் குஷியும் இதில் ஒரு குற்றவாளி.

அனுமதிச் சீட்டு இல்லாமல் கடல் கடத்தக் கூடாத செடிகளின் பட்டியலில் இந்த மரப்பெரணியும் இருக்கிறது. விஷம் என்பதால் இல்லை, மலை மலையாகத் தோண்டித் தீர்க்கிறார்கள் என்பதால். முதுகுவலித் தைலம் செய்கிற ஒரு கம்பெனிக்கு அது வேண்டியிருந்தது. அனுப்பியவன் பேரரத்தை என்று எழுதி அனுப்பிவிட்டான்.

"நீயும் பேரரத்தைன்னே எழுதிக் குடுத்துடு, கங்கா," என்றார் அத்திம்பேர்.

"இது பேரரத்தை இல்லை அத்திம்பேர். கண்ணை மூடிண்டு தொட்டாலே தெரியும்."

"தெரியும். எனக்கும் தெரியும், அனுப்பினவனுக்கும் தெரியும், வாங்கறவனுக்கும் தெரியும். தெரியாதவா யாரும் இதிலே இல்லை. அப்பறம் யாரை ஏமாத்தறோம்? இந்த ஒரு தடவைதான்."

நான் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கையெழுத்துப் போட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றுதான் நினைத்தேன்.

கட்டையிலிருந்து ரோமத்தை உருவுவது பெண்கள் வேலை. தேங்காய் நார்க் கற்றையால் தேய்த்துத் தேய்த்து உருவுவார்கள். அறை முழுக்கப் பறக்கும், மூக்கில் ஏறும், விரல் இடுக்கில் அரிக்கும். இரண்டாம் நாள் ஆவுடையம்மாளின் கட்டைவிரலில், கட்டை சீவுகிற கத்தி பட்டுவிட்டது. நான் ஒரு சிட்டிகை ரோமத்தை எடுத்து வைத்து அழுத்தினேன். ஒரு நிமிஷத்தில் ரத்தம் நின்றது. அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னத்தப் போட்டீக டீச்சரம்மா? மந்திரம் போட்ட மாதிரி நின்னுட்டு."

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ரோமத்தை அடைத்து மேசையில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கிடங்கில் யாருக்குச் சின்னக் கீறல் என்றாலும் என் அறைக்குத்தான் வந்தார்கள். பக்கத்துக் கிடங்கிலிருந்துகூட ஒரு சேட்டன் விரலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பதினோரு வருஷமாகக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாக ஒரு செடியைப் பற்றித் தெரிந்த விஷயம் ஒரு மனுஷனுக்கு உதவியது. எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

ஒரு திங்கட்கிழமை காலையில் சங்கிலிப்பாண்டி மேல்வரிசை மூட்டையை இரும்புக் கொக்கியால் குத்தி இழுத்தார். மழை ஈரத்தில் சாக்கு இற்றுப் போயிருந்தது. இழுத்த வேகத்தில் சாக்கு கிழிந்து, கொக்கி அவருடைய வலது கெண்டைக்கால் சதைக்குள் இறங்கிவிட்டது. அவரே அதைப் பிடுங்கி எறிந்தார். நான் போனபோது தரையில் ஒரு சின்னக் குட்டை கட்டியிருந்தது. துளையின் வாய் ஒன்றரை அங்குலம்தான் இருக்கும், ஆழம் என் நடுவிரல் நீளம் இருந்தது.

"குரங்குமுடியக் கொண்டாங்க," என்று யாரோ சொன்னார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் எடுத்திருப்பேன்.

மேலே வைத்தேன், ரத்தம் அடித்துக்கொண்டு போயிற்று. இன்னும் வைத்தேன், அதுவும் போயிற்று. பிறகு என் அறையிலிருந்து இடுக்கியை எடுத்துவரச் சொல்லி, ரோமத்தைச் சுருட்டிச் சுருட்டித் துளைக்குள் திணித்தேன். ஒரு பிடி முழுக்கப் போயிற்று. மேலே ஒரு துண்டை மடித்து வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆவுடையம்மாள் புருஷனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது நிமிஷத்தில் ரத்தம் நின்றது. நின்றதும் சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரத்தக் கையோடு நின்றுகொண்டு, இது இன்ன மரப்பெரணி, இது எந்தத் தீவில் எப்படி வளர்கிறது என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன்.

தீவுக்காரர்கள் அதை மேலேதான் தூவினார்கள். குழிக்குள் திணிக்கலாம் என்று நான் படித்த எதிலும் இல்லை. உள்ளே போன ரோமம் தானாக வெளியே வந்துவிடும் என்றும் எதிலும் இல்லை. அந்த மூட்டைகளில் தீவு மண் இருந்தது, கப்பலின் அடித்தளப் புழுக்கம் இருந்தது, எங்கள் கிடங்கு எலிகள் விட்டுப்போனதும் இருந்தது. நான் அதைக் கழுவவில்லை, கொதிக்க வைக்கவில்லை. ஒரு கஷாயச் சரக்கில் ஒரு மண் துகள் கூடுதலாக இருந்தால் மூட்டையையே திருப்பி அனுப்புகிறவள் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போடலாம் என்று சொன்னேன். சொன்னேன்தான், ஆனால் வற்புறுத்தவில்லை. அத்திம்பேர் வந்து பார்த்துவிட்டு, "ரத்தம்தான் நின்னாச்சே. அங்கே போனா எங்கே நடந்தது, எப்படி நடந்ததுன்னு எழுதுவா. எழுதினா இங்கே ஆள் வரும். மூட்டையெல்லாம் திறந்து கிடக்கு," என்றார். சங்கிலிப்பாண்டி எழுந்து நின்று காலை ஊன்றிக் காட்டினார். "ஒண்ணுமில்ல மொதலாளி, நடக்க முடியுது." சாயங்காலம் மூலையில் இருக்கும் கிளினிக்கில் ஆணி குத்தியது என்று சொல்லி ஓர் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். நாலு நாளில் மேல்தோல் மூடிக்கொண்டது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை கால் பளபளவென்று வீங்கி, முழங்கால் மடங்கவில்லை. அத்திம்பேர்தான் காரை எடுத்தார். வழியில் சங்கிலிப்பாண்டியிடம், "முடி வெச்சதைப் பத்தி ஒண்ணும் பறைய வேண்டாம், கேட்டியா? சின்னக் காயம், துணி கட்டினோம்னு சொன்னாப் போறும்," என்றார். சங்கிலிப்பாண்டி சரி என்று தலையாட்டினார். அத்திம்பேர் கண்ணாடியில் என்னையும் பார்த்தார். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஷபானா என்கிற டாக்டர். முப்பது வயதுகூட இருக்காது. ரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. அப்படி ஒரு வியாதி தனக்கு இருப்பதே சங்கிலிப்பாண்டிக்கு அன்றுதான் தெரியும். எக்ஸ்ரே எடுத்தார்கள், இரும்புத் துண்டு எதுவும் தெரியவில்லை. ரோமம் எக்ஸ்ரேயில் எங்கே தெரியப் போகிறது? ஷபானா மூடியிருந்த காயத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மலையாளத்தில் கேட்டாள். காயத்துக்குள் ஏதாவது வைத்தீர்களா? எண்ணெய், பொடி, பச்சிலை மருந்து, ஏதாவது?

"ஒண்ணும் வைக்கல டாக்டரே," என்றார் சங்கிலிப்பாண்டி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஷபானாவும் என்னைப் பார்த்தாள். "நிங்ஙள் ஆரா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆவுடையம்மாள் நின்றிருந்தாள். புருஷனின் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"நான் அவர் வேலை செய்யற கம்பெனியிலே இருக்கேன். தாவரவியல் படிச்சவள், லேப் என் பொறுப்பு," என்றேன். "சுத்தமான பஞ்சு வெச்சு அமுக்கினோம். ரத்தம் நின்னதும் எடுத்தாச்சு."

லேப் என்று கேட்டதும் ஷபானாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. படித்தவள் ஒருத்தி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிற நிம்மதி. அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். காயத்தைத் திறக்க வேண்டாம், தோலுக்கடியில் கிருமி பரவியிருக்கிறது, மருந்து ஏற்றினால் வடிந்துவிடும் என்றாள்.

பஞ்சு என்று நான் ஏன் சொன்னேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு செடியின் ரோமம் என்று சொல்லியிருந்தால் போதும். டாக்டருக்குச் சுங்கக் காகிதம் எதற்கு? எந்தத் தீவு, எந்த மூட்டை, யார் கையெழுத்து என்று அவள் கேட்டிருக்கவே மாட்டாள். இது இப்போது பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற மாதிரித் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு ரோமம் என்று வாயைத் திறந்தாலே கிடங்கு முழுக்க வெளியே வந்து விழும் என்று தோன்றியது. பயந்தவளுக்குக் கணக்குத் தப்பும். எனக்குத் தப்பியது.

அன்று மத்தியானம் அத்திம்பேரிடம் போய், சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"ரெண்டு நாள் பாரு. மருந்து ஏத்தியிருக்கா. குறைஞ்சுதுன்னா சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. குறையலேன்னா நீயே போய்ச் சொல்லு, நான் தடுக்க மாட்டேன்." பிறகு, "காகிதத்திலே இருக்கறது உன் கையெழுத்து, கங்கா. நான் உன்னை நினைச்சுத்தான் சொல்றேன்," என்றார்.

அவர் மிரட்டினார் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையாகவே என்னை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். எனக்கு அந்த இரண்டு நாள் வேண்டியிருந்தது, அவர் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வீக்கம் கொஞ்சம் வடிந்த மாதிரி இருந்தது. அல்லது அப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தேன். சங்கிலிப்பாண்டி சாயா குடித்தார், சிரித்தார். "செவ்வாக்கெழம வேலைக்கு வந்துருவேன் டீச்சரம்மா. அந்தச் சுக்கு மூட்டைய வேற ஆளு அடுக்குனா சரிச்சுப் போட்ருவான். நாந்தான் அடுக்கணும்." அவருக்கு அந்தக் கால்தான் எல்லாம். ஊரில் நிலம் இல்லை, படிப்பு இல்லை, மூட்டையைத் தோளில் வாங்கி ஊன்றி எழுகிற வலதுகால் ஒன்றுதான் கைமுதல். அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அன்றும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் வார்டுக்குள் நுழையும்போதே நாற்றம் வந்தது. முழங்காலுக்கு மேலே தொடைவரை கருநீலம் ஏறியிருந்தது. தோலில் கொப்புளங்கள். அவர் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். நான் வராந்தாவில் ஷபானாவைப் பிடித்து நிறுத்தினேன்.

"டாக்டர், அது பஞ்சு இல்லை. ஒரு செடியோட ரோமம். வெளியிலே எடுக்கலே. எல்லாம் உள்ளேயே இருக்கு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள்.

நான் என் கையை மூடிக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டு வார்டுக்குள் ஓடினாள்.

அரைமணி நேரத்தில் அவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஷபானா வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கையில் ஒரு ஸ்டீல் தட்டு. அதில் கறுத்து ஊறிப்போன ரோமக் கற்றைகள். அத்தனை அழுகலிலும் ரோமம் அழுகவில்லை, அது அழுகாது. குருத்தை மழையிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பாற்றப் பிறந்தது.

"சதைக்குள் இழை இழையாகப் போயிருக்கிறது. பொறுக்கி எடுக்க முடியாது. அதைச் சுற்றி எல்லாம் செத்துவிட்டது," என்றாள். பிறகு, என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "சனிக்கிழமை சொல்லியிருந்தால் திறந்து கழுவியிருப்பேன். கால் இருந்திருக்கும். இப்போது உயிரை மட்டும்தான் பார்க்க முடியும்."

தொடையின் பாதியில் எடுத்தார்கள்.

அது என்ன பொருள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதினேன். செடியின் முழுப்பெயர், வந்த தீவு, வந்த மூட்டை, அதை வேறு பெயரில் சான்று செய்தது யார் என்பது வரைக்கும் எழுதினேன். அவள் கேட்டது முதல் வரி மட்டும்தான். மூன்றாம் நாள் அதிகாரிகள் வந்து கிடங்கைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அத்திம்பேர் என்னிடம் சண்டை போடவில்லை. என் மேசையில் இருந்த பொருட்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலை மட்டும் எடுத்துவிட்டு, என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். அக்கா போன் எடுப்பதில்லை. இது எனக்கு வர வேண்டியதுதான். பாவம் தீர்ந்தது என்று இதை நான் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் தாமதமாக எழுதின உண்மைக்கு ஒரு மதிப்பும் இல்லை, அதை வைத்து ஒரு காலை வாங்க முடியாது.

ஒரு வாரம் கழித்து வார்டுக்குப் போனேன். சங்கிலிப்பாண்டி தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. ஆவுடையம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து தன் ஸ்டூலை எனக்காக நகர்த்திப் போட்டாள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. நான் உட்காரவில்லை.

"ஆவுடையம்மா, நான் அன்னிக்கு டாக்டர்கிட்டே பொய் சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன். அதனாலேதான் அவர் கால் போச்சு. உன்கிட்டே மன்னிப்புக் கேக்க வரலே. உனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

அவள் புருஷன் பக்கம் திரும்பிப் போர்வையைச் சரிசெய்தாள். சத்தம் போடுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று நான் காத்திருந்தேன். அதில் ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"நானும் அங்கனதான நின்னேன்," என்றாள். "அந்த டாக்டரம்மா கேக்கையில வாயெடுத்தேன் டீச்சரம்மா. அந்த முடிய நாந்தான உருவுனேன். அவுக தல எம்மடியில இருக்கையில நீங்க உள்ள வச்சு வச்சு அமுக்குனத இந்தக் கண்ணால பாத்தேன். ஆனா நீங்க பஞ்சுன்னு சொன்னீக. எடுத்தாச்சுன்னும் சொன்னீக. எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் வெளங்கல. அப்புறம், படிச்சவுக சொல்லுதாக, அவுகளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரும், நாந்தான் ரத்தத்தப் பாத்த பதட்டத்துல தப்பாப் பாத்திருக்கேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன். ரெண்டு நாளும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

முதலாளிக்குப் பயந்து அவள் வாயை மூடியிருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் பயப்படவில்லை. என்னை நம்பினாள். தன் கையும் கண்ணும் சொன்னதைத் தள்ளிவிட்டு, நான் சொன்ன பெயரை எடுத்துக்கொண்டாள்.

"தப்பு உன்னுதில்லை, ஆவுடையம்மா. பொய் சொன்னது நான்."

"நான் அதக் கேக்கல," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் அன்னிக்கே, இல்ல டாக்டரம்மா, அது குரங்குமுடி, உள்ளதான் இருக்குன்னு சொல்லிருந்தா, அவுக காலு இருந்திருக்குமா? இருந்திருக்காதா? நீங்க படிச்சவுக. அத மட்டும் சொல்லுங்க."

இருந்திருக்காது என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. அவள் அதையும் நம்பியிருப்பாள்.

"இருந்திருக்கும்," என்றேன்.

அவள் தலையாட்டினாள்.